மூன்றில் ஒரு பங்கு பயம்

சென்னியப்பன் பஸ்ஸைத் திருப்பியது மொத்தம் பதினோரு தடவை. முதல் பத்துத் தடவையும் டெப்போவுக்குக் காலியாகப் போகிற வழியில் திருப்பினார், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பதினோராவது தடவை உள்ளே நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். வெள்ளோடு ஊரைத் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏறியது வேகத்தடைதானா, இல்லை ஒரு மனிதனா? ஒரு கிலோமீட்டர் தாங்கிப் பார்த்தார். முடியவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கத்தக் கத்த, பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய், வேகத்தடைப் பக்கத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தார். தார் இருந்தது, வெள்ளைக் கோடு இருந்தது. திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தவருக்கு உடனே அடுத்த சந்தேகம் வந்தது. அடிபட்டவன் எழுந்து நடந்து, ஓடையில் போய் விழுந்திருந்தால்?

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர். போதாததற்கு, நம் கதை நடக்கிற காலத்தில் பஸ்கள் பாதிக்கு மேல் தாங்களே ஓடத் தெரிந்தவை. ஆளோ ஆடோ குறுக்கே வந்தால் தாமாக நின்றுவிடும். நம் ஊர் ரோட்டில் எப்போது எது வரும் என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது என்பதால், சட்டம் ஒரு மனிதரை ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார வைத்திருந்தது. பஸ்ஸைச் சுற்றி ஆறு கேமரா இருந்தன. டெப்போவில் ஆறின் பதிவையும் போட்டுக் காட்டினார்கள். சென்னியப்பன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஏழாவதாக ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அன்றைக்கே அவரை வண்டியிலிருந்து இறக்கி, சிகிச்சைக்கு அனுப்பினார்கள். தேறி வந்து ஒரு முழு டிரிப் ஓட்டிக் காட்டினால் ஸ்டியரிங், இல்லையென்றால் ரிட்டையர் ஆகும்வரை டைம் ஆபீஸில் நாற்காலி. ஸ்டியரிங் பிடித்த கைக்கு நாற்காலி என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று டிரைவர் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெருந்துறை ரோட்டில் இருந்த அந்தச் சிகிச்சை மையத்தில் அவர் தாட்சாயணியிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. நடத்தைச் சிகிச்சையில் பெயர் எடுத்தவள். இளகிய மனசுக்காரி, அந்த இளகிய மனசைத் தொழிலில் காட்டக் கூடாது என்று ஒன்பது வருஷமாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தவள். முதல் நாள் சென்னியப்பன் ஒரு மணி நேரத்தில் பதினாறு தடவை ஒரே கேள்வியைக் கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காதுதானுங்களே மேடம்? வீட்டில் மனைவி, பஸ்ஸில் கண்டக்டர், டெப்போவில் நண்பர்கள் என்று எல்லாரும் "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கேள்வியை இந்த அளவுக்கு வளர்த்து வைத்திருந்தார்கள்.

"நான் பதில் சொல்லமாட்டேனுங்க," என்றாள் தாட்சாயணி. "இல்லைன்னு சொன்னா உங்களுக்குப் பத்து நிமிஷம் நிம்மதி. பதினோராவது நிமிஷம் இன்னொரு 'இல்லை' வேணும். அந்தக் கேள்வியோட நீங்க உக்காரப் பழகணும். அது தானா தணியும். தணியறதை நீங்களே பாக்கணும்."

"தணியறவரைக்கும்?"

"தணியறவரைக்கும் இருக்கும். நானும் கூட இருப்பேன். பதில் மட்டும் கிடையாது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது அவளுக்கே பாவமாக இருந்தது. கேட்டதைக் கொடுக்காமல் ஒரு மனிதரைத் தவிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் பாதி வேலை, அதுதான் பெரிய கஷ்டமும்கூட. இந்தக் கஷ்டத்துக்காகவே பட்டை வந்திருந்தது.

பட்டை என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற ஒரு சின்ன சமாச்சாரம். நோயாளிக்கு ஒன்று, சிகிச்சையாளருக்கு ஒன்று. கட்டிக்கொண்டால் அவர் உடம்பில் எழுகிற பயத்தில் ஒரு பகுதி இவர் உடம்புக்கு வந்துவிடும். அவருடைய நினைப்பு வராது, படபடப்பும் வயிற்றுப் பிசைச்சலும் மட்டும் வரும். வந்த அளவு அவருக்குக் குறையும். எவ்வளவு வந்தது என்று சிகிச்சையாளரின் உடம்பை அளந்து, பத்துக்கு இத்தனை என்று பட்டை எண்ணாகக் காட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. வாயால் கொடுக்க முடியாத ஆறுதலை உடம்பால் கொடுத்துவிடலாம் என்று தாட்சாயணிக்கு இதில் ஒரு பெரிய திருப்தி. கேள்வி கேட்டால் கல்லாக இருப்பாள், உள்ளே அவருடைய பயத்தைச் சுமந்துகொண்டிருப்பாள்.

வெளியே அவள் போட்ட வேலிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. முதல் வாரம் அவர் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போன் செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு போன், ஐந்து நிமிஷம், ரோட்டைப் பற்றிய கேள்வி கிடையாது என்று அவள் பக்குவமாகச் சொல்லி நிறுத்தினாள். அவரும் கேட்டுக்கொண்டார். ஆறு மணிக்குக் கூப்பிட்டு மழை பெய்ததா, மஞ்சள் விலை என்ன என்று பேசிவிட்டு வைப்பார். கேட்க நினைத்த கேள்வியை அவர் விழுங்குகிற சத்தம் அவளுக்குப் போனில் கேட்கும்.

ஐந்தாவது வாரம் பயிற்சி வேனில் ஒரு வேகத்தடையைத் தாண்டியதும் சென்னியப்பன் ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதுவிட்டார். அன்றைக்குத்தான் தாட்சாயணி தன் பட்டையைப் பாதிக்குத் திருகினாள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். யாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாளைக்கு மட்டும் என்று திருகியவள், அதன் பிறகு அதைக் குறைக்கவே இல்லை.

அவளை மேற்பார்வை பார்த்தவர் ராபியா மேடம். ஐம்பத்தெட்டு வயது, பட்டை வருவதற்கு முன்னாலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவர். மஞ்சள் விளக்கு எரிந்த குறிப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை, அவருக்குக் கோபப்படத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்படுவார்.

"நீ எடுத்துக்கற அளவு அவருக்குப் பயம் குறையுது, ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா தாங்கிப் பழகறதும் அந்த அளவு குறையுமேம்மா. பாதி மூட்டையைத் தூக்கினவருக்கு முழு மூட்டை தூக்கத் தெரியுமா?"

அவர் தேறுகிறாரே மேடம் என்றாள் தாட்சாயணி. இது சாக்குப்போக்காக அப்போது சொன்னது. ஆனால் ஒன்பதாவது வாரத்திலிருந்து உண்மையாகவே ஒரு அதிசயம் நடந்தது. சென்னியப்பன் மளமளவென்று தேறத் தொடங்கினார். கேள்வி நின்றது. வேனைத் திருப்பவேண்டும் என்று சொல்வது நின்றது. முகம் மட்டும் சில சமயம் வெளுக்கும், உதட்டைக் கடித்துக்கொள்வார், ஓட்டிக்கொண்டே போய்விடுவார். இதில் தாட்சாயணியைத் திகைக்கவைத்தது வேறொன்று. அவள் பட்டையில் காட்டிய எண் குறையவே இல்லை. ஆறு, ஆறரை, சில நாள் ஏழு. அவர் தேறத் தேற அவளுக்கு வந்து சேர்கிற பயம் ஏறிக்கொண்டே போனது.

ராபியா மேடம் அந்தப் பதிவுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் இவருக்கு இன்னும் மெதுவாகத்தான் குணமாக வேண்டும், ஏன் இப்படி என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். தாட்சாயணிக்கு ஒரு விடை தயாராக இருந்தது. பாதியாக வாங்கினால் நோயாளியின் உடம்பு பயத்தை மொத்தமாகக் கழற்றிக் கொடுத்துவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பு. மூன்றில் ஒரு பங்கு என்ற விதியைப் பாதியாக உயர்த்தச் சொல்லி அவள் ஒரு கட்டுரையே எழுத ஆரம்பித்திருந்தாள். விதி மாறினால் மாநிலம் முழுக்க மையங்களில் நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள். ராபியா மேடம் கட்டுரையைப் படித்துவிட்டு, அவருடைய சோதனை ஓட்டம் முடியட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் தாட்சாயணி செய்த ஒரு காரியம் கட்டுரையில் இல்லை. எட்டாவது வாரம் ஒரு சாயங்காலம், மையத்தின் வாசலில் இருந்த வேகத்தடையைத் தாண்டி ஸ்கூட்டரில் போனவள், பெருந்துறை ரோட்டு சிக்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். இறங்கி அந்த வேகத்தடையைப் பார்த்தாள். பூனை கீனை ஏதாவது இருக்கலாம் என்று தோன்றியதாம். நோயாளியிடம் வாங்கிய பயம் கொஞ்ச நேரம் உடம்பில் தங்கும், அதைப் போக்கச் சிகிச்சை முடிந்ததும் இருபது நிமிஷம் சும்மா உட்காரவேண்டும் என்று தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு உட்காராமல் கிளம்பிவிட்டோம், அதுதான் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தபோதும் இதே சமாதானம் உதவியது.

ஓட்டம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு. ஈரோட்டிலிருந்து வெள்ளோடு வழியாகச் சென்னிமலை, பயணிகள் கிடையாது. டெப்போவிலிருந்து வந்த அதிகாரி நடு சீட்டில் படிவத்தோடு உட்கார்ந்தார். தாட்சாயணி டிரைவருக்குப் பின் சீட்டில். நிபந்தனைகள் எளிமையானவை. திருப்பக் கூடாது, ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. கூடவே, பட்டையின் எண் ஐந்தைத் தாண்டக் கூடாது. வாரக்கணக்கில் ஆறுக்குக் குறையாமல் காட்டுகிற எண் அது, இந்தக் கடைசி நிபந்தனையைத் தாட்சாயணி முன்கூட்டியே எதிர்த்திருக்க வேண்டும். கட்டுரை நினைப்பில் மறந்துவிட்டாள்.

சென்னியப்பன் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்திருந்தார். ஏறுவதற்கு முன் டயரைத் தொட்டுக் கும்பிட்டார். வண்டி கிளம்பியதும் அவளுக்கு வியப்பாக இருந்தது. இவ்வளவு நாள் வேனில் பார்த்த மனிதர் வேறு, பஸ் ஓட்டுகிற மனிதர் வேறு. வண்டியை அலுங்காமல் கொண்டுபோனார். வெள்ளோடு வரைக்கும் ஒன்பது வேகத்தடைகள். பட்டை மூன்று, நான்கு என்று காட்டியது. ஊரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அதன் எதிரில் உயரமான ஒரு வேகத்தடை. பஸ் ஏறி இறங்கியபோது பின் சக்கரத்தின் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம்.

தாட்சாயணியின் உடம்புக்குள் பயம் பாய்ந்தது. பட்டை ஏழுக்கு ஏறியது. இத்தனை நாளில் இவ்வளவு வேகமாக அது வந்ததே இல்லை. பாவம் மனுஷன், கடைசி நாளில் இப்படிப் பிடித்துக்கொண்டதே என்று அவள் நினைத்தாள். முன்னால் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"வந்திருச்சு, எனக்குத் தெரியுது. நான் எடுத்துக்கிட்டேன். நீங்க ஓட்டுங்க."

சென்னியப்பன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், அது என்னுது இல்லீங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"என் பட்டையை நான் மூடி ரெண்டு மாசமாச்சுங்க. ஒம்பதாவது வாரத்துல மூடுனது. எனக்கும் இப்ப வவுத்தைப் பெசையுது, இல்லைன்னு சொல்லல. அது எங்கிட்டயேதான் கெடக்குது."

நோயாளி தன் பட்டையை எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், மூடினால் அவருடைய பயம் இந்தப் பக்கம் வராது. மூடியது சிகிச்சையாளருக்குத் தெரியாது, தெரிந்தால் ஏன் மூடினாய் என்று வற்புறுத்துவார்கள் என்று சட்டம் செய்தவர்கள் யோசித்திருந்தார்கள். தாட்சாயணிக்கும் இது தெரியும். பாரம் குறைவதை வேண்டாம் என்று சொல்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை, அதனால் அதை நினைத்ததே இல்லை. இரண்டு மாதமாக அவளுக்கு யாரிடமிருந்தும் எதுவும் வரவில்லை. ஆறு, ஆறரை, ஏழு எல்லாம் அவளுக்குள்ளேயே விளைந்தவை.

இதெல்லாம் புரிந்ததில் பயம் குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. கூடியது. அவரது பயம் என்றால் காரணமில்லாதது என்று தெரியும். தன்னுடையது என்றால்? அவள் எழுந்து பின் கண்ணாடியைப் பார்த்தாள். ரோடு வளைந்து பள்ளிக்கூடத்தை மறைத்துவிட்டிருந்தது. அடித்திருந்தால் பஸ் தானே நின்றிருக்கும் என்ற நினைப்பு வந்தது. நிற்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. நிறுத்தினால் அவர் ஆயுசுக்கும் நாற்காலி.

"அந்தச் சத்தம் என்னுங்க?" என்றாள். ஊர்ப் பேச்சு தானாக வந்தது. "ஒண்ணும் இல்லைதானே? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

சென்னியப்பனுக்குப் பதில் தெரியாமல் இல்லை, இருபத்திரண்டு வருஷமாக வண்டிச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவர். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்வதற்கு அவர் நாக்கு துடித்திருக்கும்.

"சொல்லமாட்டனுங்க மேடம். சொன்னா உங்களுக்குத்தான் ஆகாது," என்றார் மெதுவாக. "உக்காருங்க. நானும் இருக்கறேன். போலாம்."

அவள் உட்கார்ந்தாள். சென்னிமலை வரை இன்னும் எட்டு வேகத்தடைகள். ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அதிகாரி படிவத்தைப் பூர்த்தி செய்தார். திருப்பவில்லை, நிறுத்தவில்லை, எல்லாம் சரி. பட்டையின் எண்ணுக்கு வந்தவர் புருவத்தைத் தூக்கினார். "ஏழு காட்டுதுங்களே மேடம். அஞ்சுதானுங்களே கணக்கு?"

தாட்சாயணி சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். வாயைத் திறக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை என்று தெரிந்தது. திறந்தால் அவள் மாட்டிக்கொள்வாள். ஒரு வேலையையே விட்டுக்கொடுத்து அவள் பயத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார் அந்த மனிதர். அவள் ஐந்தாவது வாரம் செய்ததும் இதே தப்புதான்.

"அது அவருது இல்லீங்க, என்னுது," என்றாள்.

அதிகாரிக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். பாதிக்குத் திருகியதையும் மறைக்கவில்லை. அவர் பட்டையைப் பாருங்கள், மூடியிருக்கும், அதற்கான பதிவும் அதிலேயே இருக்கும் என்றாள். அதிகாரி அதைக் கழற்றிப் பார்த்தார். எட்டு வாரப் பதிவும் வெறுமையாக இருந்தது. படிவத்தில் அந்த எண்ணை அடித்துவிட்டு, சிகிச்சையாளருடையது என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கையெழுத்து விழுந்ததும் இரண்டு காரியங்கள் முடிவாயின. சென்னியப்பன் மறுநாள் முதல் டிரைவர். தாட்சாயணி மறுநாள் முதல் பட்டை கட்ட முடியாது, கட்டுரையும் கிழிக்க வேண்டியதுதான்.

அவள் போனில் ராபியா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அப்ப அவரு முழு மூட்டையைத் தூக்கித்தான் தேறினாரா?" என்று ராபியா மேடம் கேட்டார். குரலில் கண்டிப்பைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நாளைக்கு நோயாளியாக வந்து என் முன்னால் உட்காரும்மா என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டீக்கடையில் சென்னியப்பன் அவளுக்கும் ஒரு டீ சொல்லியிருந்தார். ஏன் மூடினீர்கள், ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"எட்டாவது வாரம், கேட்டுக்கு எதுத்தாப்புல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தனுங்க. நீங்க ஸ்கூட்டரைத் திருப்பிட்டு வந்து, எறங்கி, குனிஞ்சு பாத்தீங்க. அந்தக் குனியற குனி எனக்குத் தெரியாதுங்களா? பதினோரு தடவை நானே குனிஞ்சது. அன்னைக்கே மூடோணும்னு முடிவு பண்ணிட்டேன். சொன்னா நீங்க விடமாட்டீங்க, அழுத்திப் புடிச்சு வாங்கிக்குவீங்க."

"முழுசையும் தாங்கினீங்களே, எப்படிங்க?"

"மொத நாள் செத்தே போயிருவேன்னு நெனச்சேன்," என்றார் அவர். "சாகலீங்க. அப்புறம் என்னதான் ஆகுதுன்னு பாக்க எனக்கே ஒரு ஆசை வந்துருச்சு. உக்காந்து பாத்தேன். ஏறுது, நிக்குது, எறங்குது. நீங்க சொன்ன மாதிரியேதான்."

அவள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். திரும்பிப் போகிற பஸ் அதே ரோட்டில்தான் போகும், அதே பள்ளிக்கூடம் வரும், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போதும் என்று கடந்த கால் மணி நேரமாக ஒரு குரல் அவளுக்குள் ஆசை காட்டிக்கொண்டிருந்தது. பெருந்துறை வழியாகப் போகிற பஸ்ஸும் பக்கத்திலேயே நின்றது. அதில் ஏறினால் அந்த இடமே வராது. அதுவும் ஒரு தப்பித்தல்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சென்னியப்பனிடம் சொல்லிக்கொண்டு வெள்ளோடு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர சீட்டுதான் காலியாக இருந்தது. பக்கத்தில் மடியில் வெங்காயப் பையோடு ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தின் சுவர் தெரிய ஆரம்பித்ததும் தாட்சாயணி அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, வெங்காயம் எந்த ஊர் சந்தையில் வாங்கியது என்று கேட்டாள். அந்த அம்மாள் சந்தையைச் சொன்னாள், விலையைச் சொன்னாள், பாதி அழுகல் என்று குறைபட்டாள், மேலே இருந்ததில் ஒன்றை எடுத்து உரித்தே காட்டினாள். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. தாட்சாயணி வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் பின்னால் போய்விட்டது. பயம் போகவில்லை. ஈரோடு வரும்வரை அது அவளோடு அந்த சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது, முழுசாக, வேறு யாருக்கும் பங்கில்லாமல்.